வெறும் டிரம்மில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை

பிள்ளைகளா,

போன வாரம் உங்களில் ஒருத்தர் கேட்டாராம். "காலி டிரம்மை வெளியே அனுப்பும்போது நிரப்புகிற படிவத்தில், 'உள்ளே என்ன வைத்தீர்கள்?' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, காலி டிரம்முக்குள் என்ன இருக்கும்? இதை எழுதின ஆள் தூக்கத்தில் எழுதினாரா?"

எழுதின ஆள் நான்தான். பாதித் தூக்கத்தில்தான் எழுதினேன் என்பதும் பொய்யில்லை. வாழ்நாள் முழுக்கப் பொட்டலங்களின் முதுகைப் படித்துச் சம்பளம் வாங்கினவன் முழு விழிப்போடு இருந்திருப்பான் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் தப்பு உங்களுடையது.

அந்தக் கேள்விக்கு நேரே வெள்ளிக்கிழமைதோறும் ஒரே பதில் எழுதியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். "கருவேப்பில ஒரு கொத்து." அதைப் படித்துச் சிரித்தீர்களாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குழந்தையின் வீங்கின உதடு இருக்கிறது. ஒரு டீச்சரின் தொழில் போக இருந்த ஒரு மத்தியானம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணமான ஒரு கோமாளியும் இருக்கிறான். கோமாளி யாரென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் உங்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன்.

இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் மணலில் போய் உட்கார்ந்தால் கடலும் எனக்கு ஒரு பெரிய பொட்டலமாகத்தான் தெரிகிறது. பொருட்கள்: தண்ணீர், உப்பு. அடியில் பொடி எழுத்தில்: மீன், இறால், நண்டு இருக்கக்கூடும். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்.

"உங்க முதுகுல ஒட்டினா என்ன எழுதுவாங்க?"

"நீயே சொல்லேன்."

"முக்கால்வாசி வாய். மிச்சம் காத்து."

அவள் சொன்னது சரி. அந்த வாயில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சிலருக்குச் சில பொருள் ஒத்துக்கொள்ளாது. பாலோ, கோதுமையோ, எள்ளோ, கடலையோ. நமக்குச் சுண்டலாக இருப்பது அவர்களுக்கு ஆம்புலன்ஸாக இருக்கும். பொட்டலத்துக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, பார்த்ததை முதுகில் எழுதுவதுதான் நம் வேலை. கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நம் கிண்டிக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் சாம்பார் பொடிக்கு "கோதுமை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பாராட்டு வாங்கலாம் என்று மேலதிகாரி அம்மாளின் மேஜைக்குப் போனேன். பேர் சொன்னால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பெருங்காய டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"படி."

"கூட்டுப் பெருங்காயம்."

"பேரைச் சொல்லச் சொல்லலை. முதுகைத் திருப்பு."

திருப்பினேன். பிசின், மைதா. மைதா என்னைப் பார்த்து இளித்தது. சாம்பார் பொடியில் பெருங்காயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பெருங்காயத்துக்குள் மைதா குடியிருப்பது தெரியாது. "பொருளுக்குள்ள பொருள் இருக்கும். கதவைத் தட்டிட்டே போ" என்றார் அம்மாள். அன்றிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே போனேன். தட்டத் தட்ட, உலகத்தில் நான் தட்டாத கதவே இல்லை என்று ஒரு மிதப்பு வந்துவிட்டது. மிதப்பில் இருக்கிறவனுக்குக் கால் தரையில் படாது. கதவு எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

அந்த மிதப்போடுதான் ஒரு சாயங்காலம் தி.நகரில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். நம் பொட்டலங்களெல்லாம் அடுக்கில் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கப் போனேன். பொடி அடுக்குக்கு முன்னால் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பொட்டலங்கள் எல்லாம் குப்புறக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏழு வயசுப் பெண் குழந்தை, படித்து முடித்த பொட்டலங்களை வரிசையாக நிறுத்தி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்கச் சொன்னதை இவள் சும்மா உட்கார்ந்து படிக்கிறாளே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். "என்னம்மா தேடறீங்க?"

"நெலக்கடலை இல்லாத பொடி. எல்லாத்துலயும் 'இருக்கலாம்'னு போட்டிருக்கா. இருக்கா, இல்லையான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறா. இவளுக்குத் துளி பட்டாப் போறும், மூஞ்சியெல்லாம் வீங்கிடும். ஒரு தடவை மூச்சே..." என்று சொல்லி, மீதியைக் குழந்தைக்குத் தெரியாமல் விழுங்கினாள்.

"பள்ளிக்கூடத்துக்கு என்ன கொண்டுபோவே பாப்பா?" என்று கேட்டேன்.

"தயிர் சாதம்," என்றது ரயில் ஓட்டுகிற குழந்தை. "செவ்வாக்கிழமையும் தயிர் சாதம். வெள்ளிக்கிழமை மட்டும் தயிர் சாதம்."

குழந்தையின் பேர் வைஷ்ணவி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. நான் நம்முடைய கறிவேப்பிலைப் பொடியை எடுத்து நீட்டினேன்.

"இதுல கடலை இல்லை."

அவள் அம்மா முதுகைத் திருப்பினாள். "இல்லைன்னு எழுதலையே?"

"எழுதிடறேன்," என்றேன். வரம் கொடுக்கிற சாமி மாதிரி.

அந்தப் பொடியை நாம் செய்யவில்லை, டீச்சர் செய்தார். சாந்தோமில் முதல் மாடியில் வீடு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பேர் ஸ்டெல்லா. சர்ச் கொயரில் பாடுகிற இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கறிவேப்பிலையும் உளுந்தும் வறுத்து அரைத்து, நம் எவர்சில்வர் டிரம்மில் நிரப்பி அனுப்புவார். கிண்டியில் நாம் அதைப் பொட்டலம் போடுவோம். காலி டிரம் வெள்ளிக்கிழமைதோறும் நம் வண்டியில் அவருக்குத் திரும்பிப் போகும். நம்மை விட்டால் அவருக்கு வேறு வாடிக்கை கிடையாது.

சொன்னபடியே வேலையில் இறங்கினேன். டீச்சர் வீட்டு அடுப்படியை ஒரு நாள் முழுக்கச் சோதனை போட்டேன். மத்தியான வெயில், கடல் காற்று, வறுபடுகிற இலையின் வாசனை. மூன்றும் சேர்ந்து கண்ணைச் சொக்கவைத்தன. கனவில் நடக்கிறவன் மாதிரி டப்பா டப்பாவாகத் திறந்தேன். உளுந்து, மிளகாய், புளி, உப்பு. பெருங்காயத்தின் முதுகையும் திருப்பினேன், விடுவேனா! கடலை மருந்துக்குக்கூட இல்லை.

"தம்பி, அலமாரிக்குப் பின்னாடி பாக்கலையே?" என்றார் டீச்சர்.

"பாக்கணுமா டீச்சர்?"

"பரீட்சைன்னு வந்துட்டா எல்லாப் பாடமும்தான்."

அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். ஒரு செத்த பல்லி கிடைத்தது. "இனி இந்த வீட்டுக்குள்ள கடலையே வரக்கூடாது டீச்சர்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "வராது" என்றார். டீச்சர் வராது என்றால் வராது. களைத்துப்போய் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே "இந்த வீட்டில் கடலை இல்லை" என்று அறிக்கை எழுதினேன். எதன் மேல் உட்கார்ந்து எழுதினேன் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன்.

கிண்டியிலும் ஒரு குறையும் இல்லை. கடலைமிட்டாய் போடுகிற கொட்டகை தனி, ஆள் தனி, மேலங்கி தனி. அதற்கப்புறம் முதலில் வந்த பொடியை லேபுக்குச் சோதனைக்கு அனுப்பினோம், சுத்தம் என்று பதில் வந்தது. பொட்டலத்தில் புது வரி ஏறியது: "இதில் வேர்க்கடலை இல்லை." முதல் பொட்டலத்தை நானே மயிலாப்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைஷ்ணவி வாசலில் நின்று வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"அம்மா! கடலை இல்லாத மாமா வந்திருக்கார்!"

எத்தனையோ பட்டப்பேர் வாங்கியிருக்கிறேன். அதில் வெளியே சொல்லக்கூடிய முதல் பேர் அதுதான். வீடு திரும்புகிற வழியெல்லாம் தரையில் கால் படவில்லை.

கொஞ்ச மாசம் அப்படியே மிதந்தேன். அப்புறம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மேஜையில் போன் அடித்தது.

"சார், நான் வைஷ்ணவியோட அம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்."

எதிரே ஜன்னலில் கிண்டி ரயில் போய்க்கொண்டிருந்தது. சத்தமே கேட்காமல் போனது மாதிரி ஞாபகம்.

"புதுப் பொட்டலம் இன்னிக்குத்தான் பிரிச்சேன். பொடி சாதம் குடுத்தனுப்பினேன், வேற ஒண்ணும் இல்லை. ஸ்கூல்ல உதடு, கண்ணெல்லாம் வீங்கிடுத்து. ஊசி போட்டிருக்கா. இப்போ தேவலை, தூங்கிண்டிருக்கா."

மேஜையிலிருந்த பொட்டலத்தின் முதுகைத் திருப்பி, நான் ஏற்றின வரியைப் பார்த்தேன்.

"நான் சண்டை போடலை சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வரி நெஜமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கோ. அவ முழிச்சுண்டா, என்ன சாப்பிடலாம்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"அந்தப் பொடியைத் தொடாதீங்க. நாளைக்குள்ள சொல்றேன்" என்றேன்.

கடைகளுக்கெல்லாம் போன் போட்டு அந்தப் பொடியை அடுக்கிலிருந்து இறக்கச் சொன்னேன். வரியை நம்பி வாங்கினவர்கள் சாப்பிட வேண்டாம் என்று கடை வாசல்களில் எழுதி ஒட்டச் சொன்னேன். அதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, நான் திரும்பச் சொல்லவில்லை. கையேட்டில் இல்லாததைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர், கெட்டவர் இல்லை, பயந்திருந்தார்.

"சார், நம்ம பக்கம் சுத்தம்தானே?"

"சுத்தம்."

"அப்போ டீச்சர் வீட்டுலதான் ஏதோ ஆயிருக்கு. இன்னியோட அவங்க சரக்கு வேண்டாம்னு லெட்டர் குடுத்துடுங்க."

அந்தக் கடிதத்தை ஐந்தே நிமிஷத்தில் எழுதினேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதினதில்லை, என் கல்யாணத்துக்குச் சம்மதம் எழுதினது உட்பட. "தங்கள் கவனக்குறைவால் நேர்ந்த..." என்று ஆரம்பித்ததும் மீதியெல்லாம் தானாக வந்தது. எழுதி முடித்தபோது நெஞ்சில் குளுகுளு என்று ஒரு நிம்மதி. பிள்ளைகளா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரிப்பதற்கு முன்னாலேயே நிம்மதி வந்துவிட்டால், விசாரிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. சாந்தோமுக்கு நானே கொண்டுபோனேன். பகல் ஒரு மணி. தெருவே கண் மூடிக் கிடந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைப் புடவைகள் கடல் காற்றில் உப்பி உப்பி அடங்கின. டீச்சர் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். "கவனக்குறைவு" என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"என்ன கவனக்குறைவுன்னு எழுதலையே, தம்பி. எங்கே? எப்போ? எப்படி?"

"அது... இன்னும் தெரியலை டீச்சர்."

"தெரியாத கேள்விக்கு முழு மார்க் போட்டுட்டு வந்திருக்கீங்க." அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அந்த இரண்டு பெண்களும் வறுப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். "அந்தக் குழந்தை எப்படி இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க."

"தேவலை."

"ஆண்டவருக்கு நன்றி. தப்பு என்னுதுன்னா நானே அடுப்பை அணைச்சுடுவேன். ஆனா அந்தத் தப்பை எனக்குக் காட்டிட்டு அணைக்கச் சொல்லுங்க."

அப்போது கீழேயிருந்து நம் வண்டி டிரைவரின் குரல் வந்தது. "டீச்சரம்மா! டிரம்மு!" வெள்ளிக்கிழமை என்பதையே மறந்துவிட்டேன். டிரைவர் காலி டிரம்மை மாடிப்படியில் ஏற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். டீச்சர் எழுந்துபோய், வாசலிலேயே செய்தித்தாளை விரித்து, மூடியைத் திறந்து டிரம்மைச் சாய்த்தார்.

கலகலவென்று ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை விழுந்தது.

கனவில் சில சமயம் நம் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வேறொருவர் வீடு இருக்குமே, அப்படி நின்றேன்.

"இது என்ன டீச்சர்?"

"உங்க கடலை."

"எங்க கடலையா?"

"வாரா வாரம் வருதே. யாரோ மரியாதை தெரிஞ்ச மனுஷி வைக்கிறா. உங்களுக்குத் தெரியும்னுதான் இருந்தேன். கடலை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதுலேருந்து உள்ளே கொண்டுபோறதில்லை. இங்கேயே பொட்டலம் கட்டி, கீழே வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன்."

"அப்புறம் டிரம்மைக் கழுவிடுவீங்க இல்ல?"

டீச்சர் டிரம்மைத் திருப்பிக் காட்டினார். வயிற்றில் ஒரு ஸ்டிக்கர். "உலர்த்திய டிரம். கழுவக் கூடாது. ஈரம் படக் கூடாது." கீழே என் கையெழுத்து. "காய்ஞ்ச துணியால துடைச்சுத்தான் பொடியை நிரப்புவேன்," என்றார்.

டிரம்மின் பளபளப்பில் என் முகம் நீளமாக, வாய் மட்டும் அகலமாகத் தெரிந்தது. அன்றைக்குச் சோதனை போட வந்தபோது, காபி குடித்துக்கொண்டே "இந்த வீட்டில் கடலை இல்லை" என்று எழுதினேனே, அப்போது உட்கார்ந்திருந்தது இந்த டிரம் மேல்தான். அந்த வீட்டில் நான் திறக்காத ஒரே பாத்திரமும் அதுதான். நம் பாத்திரம் ஆயிற்றே, நம் பாத்திரத்தில் என்ன இருக்கப்போகிறது!

கடிதத்தைக் கேட்டேன். டீச்சர் "தங்கள்" என்ற சொல்லை அடித்து, பக்கத்தில் "யாருடைய?" என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

கிண்டிக்குத் திரும்புகிற வழியில் இரண்டாவது தடவையாக நிம்மதி வந்தது. கண்டுபிடித்துவிட்டேன், ஸ்டோர்ஸில் டிரம் அனுப்புகிற கன்னியம்மாவின் வேலை இது! ஆற்றங்கரைக் குடிசையைக் காலி செய்து சர்க்கார் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்ட பிறகும், தினமும் இரண்டு பஸ் மாறி எனக்கு முன்னால் வந்து ஸ்டோர்ஸைத் திறக்கிற மனுஷி. அவளைத் திட்டுவதற்கான வசனங்களை வழியெல்லாம் மெருகேற்றிக்கொண்டே போனேன்.

"கன்னியம்மா! டீச்சர் டிரம்முல கடலை போட்டது யாரு?"

"நான்தான் சார். இன்னா இப்போ?"

"யாரைக் கேட்டுப் போட்டே?"

கன்னியம்மா கையிலிருந்த சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான சார் போடச் சொன்ன?"

"நானா?"

"பின்ன? அந்தம்மா நெறைச்சு அனுப்புது, நாம வெறும் ஏனத்தை அனுப்பிச்சா நல்லா கீதா சொல்லு. நான் ஒரு பிடி சக்கரை போட்டுக்கினு இருந்தேன். எறும்பு வருதுன்னு டீச்சரம்மா டிரைவராண்ட சொல்லி அனுப்பிச்சு. நீ வந்து நின்ன. இங்கதான், இதே எடத்துல. 'சக்கரை வேணாம் கன்னிமா, கடலை போடு. எறும்பு கம்மியா வரும், டீச்சரும் கொறிச்சுக்கினே வறுப்பாங்க'ன்னு சொல்லி நீயே சிரிச்ச. நாங்களும் சிரிச்சோம். சார் தமாஷா பேசுவார்னு போட்டுக்கினு வரேன்."

கண்ணுக்கு முன்னால் அந்த நாள் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிற பாத்திரம் மாதிரி மெல்ல எழும்பி வந்தது. ஆமாம். சொன்னேன். வைஷ்ணவியைப் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். எறும்பு குறைந்தது. நானும் மறந்தேன். அப்புறம் புது வரியை எழுதியபோது எல்லாப் பொருளையும் கேட்டேன், என் தமாஷை மட்டும் கேட்கவில்லை. சோதனைக்குப் போன பொடி புத்தம் புது டிரம்மில் வந்தது. அதனால் சுத்தமாக இருந்தது.

"எப்பவும் முழுக் கடலைதான போடுவே?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் மின்னாடி மூட்டை அடி சார். ஒடைசலும் தூளுமாத்தான் கெடந்துச்சு." முழுக் கடலை டிரம்மைச் சாய்த்தால் விழுந்துவிடும், தூள் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று அவள் முகம் மாறியது. "இன்னா சார், யாருக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கொயந்த," என்றாள். "எந்தலைல போட்டுக்கிறேன் சார், நான்தான் போட்டேன்னு மொதலாளியாண்ட சொல்லிக்கிறேன்."

அந்த நிமிஷம்தான் எனக்குத் தரையில் கால் பட்டது. எடுத்துக்கொள் என்று தப்பை நீட்டுகிறவள் முன்னால் நின்றுகொண்டு அதைக் கொடுக்கவும் மனசு வரவில்லை, ஒளிக்கவும் இடமில்லை. பையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். டீச்சர் சிவப்பில் கேட்ட கேள்விக்கு நேரே "என்னுடைய" என்று எழுதினேன். அதையே முதலாளியிடம் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன்.

இரண்டு தடவை படித்தார். "சார், இது நம்ம கம்பெனில மூணு பேருக்குத்தான் தெரியும். டீச்சரை மாத்திட்டா அதோட முடிஞ்சுது."

"முடியாது. புதுசா வர்றவங்களுக்கும் இதே டிரம்தான் போகும். கடலை டிரம்முல இருக்கு, டீச்சர் வீட்டுல இல்லை. டீச்சரை மாத்தினா கடலைக்குப் புது விலாசம், அவ்வளவுதான்."

நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். "அந்த அம்மாகிட்ட யார் சொல்றது?"

"வாயை வளர்த்தவன்தான்."

மறுநாள் காலை மயிலாப்பூர். குளத்துத் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன், பக்தியில் இல்லை, பயத்தில். நாளைக்குள் சொல்கிறேன் என்றவன் ஒரு நாள் தாமதமாக வேறு போகிறேன். வைஷ்ணவியின் அம்மா கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அந்த வரி பொய்ம்மா. பொய்யாக்கினவன் நான்." டிரம், சர்க்கரை, எறும்பு, தமாஷ் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் அழகுபடுத்தாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நான் வரியை நம்பலை சார். தரைல வந்து பக்கத்துல உக்காந்து, என்னம்மா தேடறேள்னு கேட்டேளே, அதை நம்பினேன்," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து வைஷ்ணவி எட்டிப் பார்த்தாள். ஒரு கண் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீங்களே கடலை போடச் சொன்னேளா மாமா?"

"ஆமாம்மா."

"எறும்பு வரக்கூடாதுன்னா?"

"ஆமாம்மா."

யோசித்தாள். அவளுக்குச் சட்டென்று எதுவோ புரிந்து, யார் மேலோ இரக்கம் வந்தது மாதிரி முகம் மலர்ந்தது.

"எறும்புக்கும் கடலை ஒத்துக்காதா?"

அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது.

பிறகு நடந்தது சுருக்கம். வரியை எடுத்துவிட்டோம். அந்த டிரம்களைக் கடலைமிட்டாய்க் கொட்டகைக்கே கொடுத்துவிட்டு, டீச்சருக்குப் புதுசு வாங்கினோம். டிரம் போய்ச் சேர்ந்த இடத்தில் கழுவிக் காயவைப்பது என்று மாற்றினோம். டீச்சரின் அடுப்பு அணையவில்லை. நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்துக்குப் பத்துக்கு ஏழு போட்டார். மூன்று மார்க் கையெழுத்துக்குப் போயிற்று.

ஒன்றே ஒன்றுதான் இழுபறி. "இனிமே காலி டிரம்முல ஒண்ணும் வைக்கக்கூடாது" என்றேன். கன்னியம்மா சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டாள். "வெறுமனே அனுப்ப மாட்டேன் சார். வேற ஆளைப் பாத்துக்கோ." இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "அந்தம்மா எத வச்சு பொடி செய்யுது?"

லேபிளை எடுத்து, முதல் பொருளின் மேல் விரலை வைத்தேன்.

அதுதான் நீங்கள் பார்த்துச் சிரித்த வரி. ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கன்னியம்மா மனசும் வெறுமையாகப் போகவில்லை, லேபிளில் இல்லாத எதுவும் டிரம்முக்குள்ளும் போகவில்லை. நாளைக்கு உங்களில் யாராவது தமாஷாக அதை மாற்றிச் சொன்னால் காகிதத்தில் தெரியவேண்டும் என்றுதான் படிவத்தில் அந்தக் கேள்வி. மனுஷர்கள் வெறும் பாத்திரத்தை அனுப்ப மாட்டார்கள் பிள்ளைகளா. அனுப்பாதே என்று சட்டம் போடாதீர்கள். என்ன வைத்தாய் என்று கேளுங்கள்.

மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்து, வரி திரும்ப ஏற ரொம்ப நாளாயிற்று. ஏறின பிறகு ஒரு சாயங்காலம் தி.நகர் கடையில் அவர்களைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாம் என்று அரிசி மூட்டைப் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் வைஷ்ணவி பார்த்துவிட்டாள். வளர்ந்திருந்தாள். பொட்டலத்தை எடுத்து முதுகைத் திருப்பி, அம்மாவைக் கேட்காமல் தானே விரல் வைத்துக் கடைசி வரைக்கும் படித்தாள். அப்புறம் நேராக என்னிடம் வந்தாள்.

"பொடி போடறதுக்கு முன்னாடி டிரம்ல என்ன இருந்தது?"

அத்தனை நாள் நான் கேட்கத் தவறின கேள்வி. சொன்னேன்.

"ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அப்புறம் டிரம்மைக் கழுவிக் காயவெச்சாங்க."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் எடுத்துக்கோ," என்றாள்.

வைஷ்ணவி அதைக் கூடையில் போட்டுக்கொண்டாள். வாசலை நோக்கிப் போகும்போது கை ஆட்டினாள்.

"வரேன், எறும்பு மாமா!"

'கடலை இல்லாத மாமா' என்ற பழைய பட்டம் திரும்பி வரவில்லை. கேட்டு வாங்கவும் எனக்கு வாய் வரவில்லை.